கதிர் மருத்துவமும் காலக் கணக்கும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஒப்புவித்தலே வரலாற்றுக் கல்வி என்று கருதுவாரும் உளர். மனிதன் ஒரு கருவியைக் கண்டான். அதனால் நன்மை பெற்றான். நெடுங்காலம் கழிந்தபின் அதன் மறைவான விளைவுகளையும் உணர்ந்தான். உணர்ந்து தன் செய்கையைத் திருத்திக்கொண்டான். இதுவும் வரலாறே அன்றோ? மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி தோன்றினால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கதிர் மருத்துவம் அளிக்கப்படுகிறது. அதன் நெடுநாள் விளைவுகளை மருத்துவ உலகம் எவ்வாறு அறிந்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் வருவோர் பல்லாவரத்தை அடுத்துக் குரோம்பேட்டையையும், அதனை அடுத்துத் தாம்பரம் சானடோரியத்தையும் காண்பர். முன்னது, குரோமிய உப்பைக்கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலை தந்த பெயர். பின்னது, காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் நிறுவிய மருத்துவ நிலையம் தந்த பெயர். அந்நிலையத்தை 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. காசநோய் மிகுந்திருந்த அந்நாட்களில், எக்ஸ் கதிர் என்றால் நெஞ்சைப் படம் பிடிப்பது என்றே மக்கள் அறிந்திருந்தனர். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். படம் பிடிக்கும் கதிர் வேறு. நோயைத் தீர்க்கும் கதிர் வேறு. நெஞ்சை ஒருமுறை படம் பிடிக்கச் செலவாகும் கதிரைப்போல இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட கதிர், கட்டியைத் தீர்க்கும்போது ஒரு சிறு இடத்தின்மீது செலுத்தப்படுகிறது. ஆகவே இன்று நான் கூறப்போவதைக் கேட்டுவிட்டு, நெஞ்சுப் படம் எடுக்க எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

பிட்யூட்டரிச் சுரப்பி ஒரு பட்டாணி அளவே உள்ளது. அரை கிராம் எடைதான் இருக்கும். மண்டையோட்டின் அடித்தளத்தில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியில் அது அமர்ந்திருக்கிறது. உருவத்தில் சிறிதாயினும் ஆட்சியில் பெரிது. உடலின் வளர்ச்சி, தைராய்டுச் சுரப்பியின் வேலை, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் வேலை, ஆண் பெண் தன்மைகளின் மலர்ச்சி ஆகிய யாவும் அது அனுப்பும் ஹார்மோன்களின் ஆணைப்படி நடைபெறுகின்றன. அதற்கு நேர் மேலே கண்ணரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. இரு பக்கங்களிலும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய நாளங்கள் உள்ளன. இத்தகைய நெருக்கமான இடத்தில் ஒரு கட்டி தோன்றினால் என்ன ஆகும்? கண்ணரம்பை அழுத்தி, பக்கப் பார்வையை மறைக்கும். அல்லது ஏதேனும் ஒரு ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுவதால் கையும் காலும் முகமும் பருத்துப் போகும் நோயை, 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி விவரித்து அதற்குப் பெயரிட்டார்.

இக்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெல்ல வளர்வன, வேறு உறுப்புகளுக்குப் பரவாதன. நன்கு மருத்துவம் செய்யப்பெற்றவர் அதன்பின் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் வாழ்கிறார். ஆதலின் இன்று அளிக்கும் சிகிச்சையின் பயனை மட்டுமன்றி, அது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்யும் என்பதையும் மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது. சில மாதங்களே வாழக்கூடிய நோயாளிக்கு இக்கணக்குத் தேவையில்லை. பள்ளி ஆசிரியையாகவோ உழவராகவோ மீண்டும் தம் வேலைக்குத் திரும்பி நெடிது வாழப்போகும் ஒருவருக்கு இக்கணக்கு மிகவும் தேவை.

இலண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்பார் 1889-இல் மண்டையோட்டைத் திறந்து இச்சுரப்பியில் அறுவை செய்தார். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907-இல் மூக்கின் வழியே சென்று கட்டியை அணுகினார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் இக்கலையை மேலும் வளர்த்தார். நம் நாட்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரிலும், டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். எனினும் எத்துணைக் கைதேர்ந்தவராயினும், கண்ணரம்பையும் குருதி நாளத்தையும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுரண்டி எடுத்தல் அரிது. எஞ்சிய சிறு துணுக்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வளரும். அதனைத் தடுக்கவே அறுவைக்குப் பின் கதிரை நாடினர்.

கதிரின் கதையும் இதே காலத்ததுதான். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1909-இல் பாரிஸில் அந்துவான் பெக்ளேர் என்பாரும், அதே ஆண்டில் இத்தாலியில் கிராமேஞா என்பாரும் பிட்யூட்டரிக் கட்டிக்கு அக்கதிரைச் செலுத்தினர். கண்டுபிடித்துப் பதினான்கே ஆண்டுகளில் மூளையின் அடித்தளம் வரை கதிர் சென்றுவிட்டது. அதன் தீமையை மக்கள் அறியாமலும் இல்லை. எடிசனின் உதவியாளராக எக்ஸ் கதிர்க் குழாய்களோடு உழைத்த கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து 1904-இல் உயிர் துறந்தார். கதிரால் மாண்ட மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. இவை கண்ணுக்குத் தெரிந்த தீமைகள். தோல் வெந்தது; புண் ஆறவில்லை. ஆகவே கதிரின் அளவைக் குறைத்து, ஒரே நாளில் கொடுக்காமல் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டனர். இன்றும் பிட்யூட்டரிக் கட்டிக்கு வழக்கமான முறையில், கிரே என்னும் அலகில் 45 முதல் 50 வரை, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தவணைகளில், ஐந்து அல்லது ஆறு வாரங்களில் கொடுக்கின்றனர்.

நம் சென்னை இக்கலையில் பின்தங்கியிருக்கவில்லை. பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டு பெயரால் விளங்கும் கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டுகள் பாடுபட்டார். அடையாற்றில் 1952-இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954-இல் அந்நிலையம் பணி தொடங்கியது. கனடாவில் 1951-இல் வழக்குக்கு வந்த கோபால்ட் சிகிச்சைக் கருவி, 1957-இல் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. கோபால்ட்டின் கதிர், மேல்தோலைப் பெரிதும் வருத்தாமல் ஆழத்தில் உள்ள கட்டியைச் சென்று தாக்கவல்லது. தோலில் புண் இல்லை. நோயாளி நடந்து வந்தார், நடந்து சென்றார். கண்டவர் யாவரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே.

இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் அறுவையும் கதிரும் பெற்ற 411 பேரைப் பற்றி 1993-இல் வெளிவந்த ஆய்வின்படி, நூற்றுக்கு 94 பேருக்குப் பத்தாண்டு வரையிலும், 88 பேருக்கு இருபதாண்டு வரையிலும் கட்டி மீண்டும் வளரவில்லை. இந்த நன்மையை ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு தட்டில் வைக்கவேண்டியவற்றை இனிக் காண்போம்.

முதலாவது, சுரப்பியின் தளர்ச்சி. கட்டிக்கென்று செலுத்திய கதிர், அருகிலுள்ள நல்ல சுரப்பியையும், அதற்கு ஆணையிடும் மூளைப் பகுதியையும் மெல்ல வாட்டுகிறது. அன்றே தெரியாது, அடுத்த ஆண்டும் தெரியாது. வழக்கமாக வளர்ச்சி ஹார்மோன் முதலில் குறையும். பின்னர் இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுவன, அட்ரினலைத் தூண்டுவது, தைராய்டைத் தூண்டுவது என ஒவ்வொன்றாகக் குறையும். மான்செஸ்டர் நகரில் 165 பேரைத் தொடர்ந்து கவனித்து 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். எட்டாம் ஆண்டில் அனைவருக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருந்தது. நூற்றுக்கு 84 பேருக்கு அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனும், 49 பேருக்குத் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் குறைந்திருந்தன. அவர்களுள் பலருக்குக் கட்டியாலும் அறுவையாலும் முன்னமே குறை இருந்தது உண்மை. ஆயினும் ஆண்டு செல்லச் செல்லத் தொகை ஏறிக்கொண்டே போனது. இக்குறையை மாத்திரைகளாலும் ஊசி மருந்தாலும் ஈடு செய்யலாம். ஆனால் குறை உண்டென்று தெரியவேண்டும். அட்ரினல் தளர்ந்த ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தாலோ, வேறோர் அறுவை நேர்ந்தாலோ, உரிய ஸ்டீராய்டு மருந்து கிடைக்காவிடில் உயிருக்கே ஆபத்து நேரும். பத்தாண்டுகளுக்குமுன் பெற்ற கதிரைப் பற்றி ஒரு சொல் கூறாத காரணத்தால் மருத்துவர் வேறு நோயை எண்ணி அலைய நேர்வதும் உண்டு.

இரண்டாவது, கண்ணரம்பின் கேடு. இது அரிதாகவே நேர்வது. ஒவ்வொரு தவணையிலும் இரண்டு கிரேக்கு மேற்படாமல் காப்பதால் இதனைப் பெரும்பாலும் தவிர்க்க முடிகிறது.

மூன்றாவது, கதிர் பட்ட இடத்திலேயே வேறொரு புதுக்கட்டி தோன்றுதல். இந்த ஐயம் முதலில் எழுந்தது பிட்யூட்டரி நோயாளிகளிடத்தன்று. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், நம் சானடோரியம் போன்றதொரு காசநோய் நிலையத்தில், நுரையீரலைக் காற்றால் அமுக்கும் சிகிச்சை பெற்ற பெண்களைக் கதிர்த் திரையில் பன்முறை பார்த்து வந்தனர். ஒருமுறை படம் எடுப்பதற்கும், இவ்வாறு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அவர்களுள் மார்பகப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1965-இல் மக்கென்சி என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, தலையில் படர்தாமரை கண்ட ஏறத்தாழ 11,000 சிறுவர் சிறுமியருக்குக் கதிரால் முடியை உதிரச் செய்து மருத்துவம் செய்தனர். அவர்களுக்கு மூளையில் கட்டிகள் பிறரினும் மிகுதியாகத் தோன்றியதை 1974-இல் வெளிவந்த ஆராய்ச்சி புலப்படுத்தியது. படர்தாமரை போயிற்று, குழந்தைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றனர், அதன்பின் அல்லவா கதிர் தன் கணக்கைக் காட்டியது!

ராயல் மார்ஸ்டன் மருத்துவர்கள் தம் பிட்யூட்டரி நோயாளிகள் 334 பேரின் பதிவேட்டை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட செய்தியில், மூளையில் இரண்டாம் கட்டி தோன்றும் வாய்ப்பு பத்தாண்டில் நூற்றுக்கு 1.3, இருபதாண்டில் 1.9 என்று கண்டனர். அதே பதிவேட்டை நீட்டி, 426 பேரைக் கணக்கிட்டு 2005-இல் மீண்டும் வெளியிட்டபோது, அவ்வெண்கள் 2.0 என்றும் 2.4 என்றும் அமைந்தன. சிறிய எண்களே. நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் இத்துன்பமின்றி வாழ்ந்தனர் என்பதும் அதே எண்களின் பொருள்தான். ஆனால் இருபது வயதில் கதிர் பெறுபவருக்கும், எழுபது வயதில் பெறுபவருக்கும் இவ்வெண் ஒரே பொருள் தருவதன்று.

நான்காவது, மூளைக் குருதிநாள நோய். அதே மருத்துவமனையின் 331 பேரைப் பற்றி 1999-இல் வெளிவந்த ஆய்வில், பக்கவாதம் போன்ற தாக்குதல் பத்தாண்டில் நூற்றுக்குப் பதினொருவருக்கும், இருபதாண்டில் இருபத்தொருவருக்கும் நேர்ந்ததாகக் கணக்கிட்டனர். இது பொதுமக்களிடம் காண்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கதிர் ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. ஹார்மோன் குறைவு, மூலநோய், அறுவை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எது எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

மாணவ நண்பர்களே, இந்நான்கு செய்திகளையும் உலகுக்கு உணர்த்தியது எது என்று எண்ணிப் பாருங்கள். புதிய நுண்ணோக்கி அன்று. விலையுயர்ந்த பொறியும் அன்று. பதிவேடு! இன்னார், இன்ன நாளில், இவ்வளவு கதிர் பெற்றார் என்று எழுதி வைத்து, ஆண்டுதோறும் அவரைத் தேடி, அவர் எவ்வாறு இருக்கிறார் என்று அதன் எதிரே குறித்த பதிவேடு. எழுதியவர் ஓய்வு பெற்றபின் அடுத்தவர் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் கூட்டிப் பார்த்தார்.

என் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு கழித்தவன் நான். அப்பதிவேட்டில் ஒரு தலைப்பெழுத்து மாறினால் என்ன நேரும் என்பதை அறிவேன். முன்னாளில் என்னிடம் பயின்ற ஒரு பெண்மணி ஒருமுறை பள்ளிச் சான்றிதழின் படி வேண்டி வந்தார். இளமையில் பிட்யூட்டரிக் கட்டிக்கு அறுவையும் கதிரும் பெற்றவர் அவர். நெடுநாள் சோர்வுக்குக் காரணம் தேடிய புதிய மருத்துவர், பழைய சிகிச்சையின் விவரம் கேட்டிருக்கிறார். பழைய ஏடு தந்தையின் தலைப்பெழுத்தோடு இருந்தது. இப்பொழுதைய அட்டையோ கணவரின் தலைப்பெழுத்தோடு இருந்தது. இருவரும் ஒருவரே என்று காட்டப் பள்ளிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஐந்தாம் வகுப்பில் எவரோ ஓர் எழுத்தர் பொறுமையாக எழுதிய ஒரு வரி, அவருக்குச் சரியான மருந்து கிடைக்கத் துணை நின்றது. ஊர் மாறுதல், வீடு மாறுதல், மணம் முடித்துப் பெயர் மாறுதல் ஆகியவை நம் நாட்டில் இயல்பானவை. இவற்றையெல்லாம் கடந்து ஒரு நோயாளியை இருபதாண்டு தொடர்வது எத்துணை அரிய தொண்டு என்பதை இதனால் உணரலாம். சென்னை மாநகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை அடையாறு நிலையம் 1981-இல் தொடங்கியது போற்றத்தக்கது. பிட்யூட்டரிக் கட்டி பெரும்பாலும் புற்றன்று ஆதலின், புற்றுநோய்ப் பதிவேடு மட்டும் இதற்குப் போதாது. சிகிச்சை அளித்த மருத்துவமனையின் ஏடும் நோயாளியின் கையிலுள்ள ஏடும் காக்கப்படுதல் வேண்டும்.

காலம் கற்பித்த பாடத்தால் மருத்துவமும் மாறியது. 1960-களில் அறுவைக்கு நுண்ணோக்கி துணையாயிற்று. பின்னர் அகநோக்கிக் குழாய் வந்தது. பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனை மிகுக்கும் கட்டிகளுள் பெரும்பாலானவற்றை மருந்தாலேயே சுருக்கலாம் என்பது 1970-களில் தெளிவாயிற்று. காந்த அதிர்வுப் படம் வந்தபின், எஞ்சிய துணுக்கு வளர்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக் காத்திருக்கவும் முடிந்தது. ஆகவே அறுவை செய்துகொண்ட அனைவருக்கும் கதிர் என்னும் வழக்கம் குறைந்து, தேவைப்படுவோர்க்கு மட்டும் கதிர் என்னும் நெறி வலுப்பெற்றது. ஸ்வீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்மொழிந்து, 1968-இல் கருவியாகச் செய்துகாட்டிய முறை, பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறது. குரோம்பேட்டைக்குத் தொலைவில் இல்லாத தரமணியில் 2019-இல் புரோட்டான் சிகிச்சை நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. புரோட்டான் கற்றை குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடுமாதலால், அப்பாலுள்ள நல்ல பகுதி பெரிதும் காக்கப்படுகிறது.

கதிர் பெற்ற ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பாராயின், அவரிடம் அச்சத்தைக் கூறாதீர்கள். மூன்று செய்திகளைக் கூறுங்கள். எப்போது, எவ்வளவு, எத்தனை தவணை கதிர் பெற்றோம் என்னும் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். நலமாகத் தோன்றினாலும் ஆண்டுக்கொருமுறை ஹார்மோன் அளவையும் பார்வையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவராயின் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. அச்செய்தியை எழுதிய ஓர் அட்டை சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருத்தல் வேண்டும்.

1909-இல் பெக்ளேர் செலுத்திய கதிரின் முழுக் கணக்கை எழுத எண்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அதனை எழுதியவர்கள் அவர் காலத்தில் பிறந்தே இராதவர்கள். 2019-இல் தரமணியில் தொடங்கிய சிகிச்சையின் இருபதாண்டுக் கணக்கு 2039-இல்தான் தெரியவரும். அப்பொழுது என் போன்றோர் இருப்பது ஐயமே. இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் கணக்கியல் அறிஞராகவும், ஒருவர் ஏட்டைக் காக்கும் எழுத்தராகவும் இருப்பீர்கள். அந்த ஏட்டில் ஒரு வரியும் விடுபடாமல் எழுதுவது உங்கள் பொறுப்பு.